காயத்துக்குத் தேன்: போடலாம், முறை தெரிந்து போட வேண்டும்

காய் நறுக்கும்போது விரலில் கத்தி பட்டால் காபித்தூள் டப்பாவைத் தேடுகிற வீடுகள் இன்னமும் இருக்கின்றன. சூடு பட்டால் இட்லி மாவு, பற்பசை, பேனா மை என்று ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். இவற்றால் காயம் சீக்கிரம் ஆறியதாகத் தெரியவில்லை. டாக்டர் அதைக் கழுவி எடுக்கப் படும் பாடுதான் மிச்சம். அதே அலமாரியில் நிற்கும் தேனுக்கு மட்டும் உண்மையிலேயே காயத்தில் போடும் தகுதி உண்டு. சுசுருத சம்ஹிதை புண்ணுக்குத் தேனும் நெய்யும் சொல்கிறது. எட்வின் ஸ்மித் பாப்பிரஸ் எனப்படும், கி.மு. 1600 வாக்கைச் சேர்ந்த எகிப்திய மருத்துவச் சுவடியில் கொழுப்பும் தேனும் நாரும் வைத்துக் காயத்தைக் கட்டும் முறை திரும்பத் திரும்ப வருகிறது.

பழசு என்பதற்காக மட்டும் எதையும் நம்ப வேண்டியதில்லை. மகாராஷ்டிரத்தின் சோலாப்பூரில் எம். சுப்ரமண்யம் என்ற அறுவை மருத்துவர் தீக்காய நோயாளிகள் 104 பேரிடம் தேனையும் வெள்ளி கலந்த வழக்கமான களிம்பையும் ஒப்பிட்டு, தேன் போட்டவர்களுக்குச் சீக்கிரம் ஆறியதாக 1991-ல் பிரிட்டிஷ் அறுவை சிகிச்சை இதழில் எழுதினார். பிற்பாடு உலகெங்கும் நடந்த ஆய்வுகளைக் காக்ரேன் அமைப்பு 2015-ல் தொகுத்துப் பார்த்தது. ஆழமில்லாத தீக்காயம் வழக்கமான கட்டுகளைவிடத் தேன் கட்டில் நான்கைந்து நாள் முன்னதாக ஆறுகிறது, அறுவைக்குப் பின் சீழ் பிடித்த காயமும் விரைவாக ஆறுகிறது என்றது அந்தத் தொகுப்பு. காலில் ரத்த ஓட்டக் கோளாறால் வரும் நாள்பட்ட புண்ணுக்கு அப்படிச் சொல்ல முடியவில்லை. அதனால் எந்தக் காயத்துக்கு, எந்தத் தேனை, எப்படிப் போடுவது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

1. முதலில் தண்ணீர், பிறகுதான் தேன். குழாயைத் திறந்துவிட்டு, ஓடுகிற தண்ணீரில் காயத்தை நன்றாகக் காட்டிக் கழுவுங்கள். சுற்றியுள்ள தோலுக்கு சோப்பு போடலாம். மண், கல் துணுக்கு, துருப்பிடித்த துகள் எதுவும் உள்ளே இருக்கக் கூடாது. ரத்தம் வந்தால் சுத்தமான துணியை வைத்துப் பத்து நிமிடம் விடாமல் அழுத்துங்கள். நிமிடத்துக்கு ஒருமுறை துணியைத் தூக்கிப் பார்த்தால் ரத்தம் நிற்காது. கழுவாத காயத்தின் மேல் எவ்வளவு நல்ல தேனைப் போட்டாலும் அழுக்கை உள்ளே வைத்து மூடியதாகத்தான் ஆகும்.

2. வீட்டில் தேன் போடக்கூடியவை: முழங்கால் சிராய்ப்பு, ஆழமில்லாத கத்திக் கீறல், செருப்புக் கடி, எண்ணெய் தெறித்துத் தோல் உரிந்த சின்னத் தீக்காயம். அவ்வளவுதான்.

கூடாதவை பட்டியல் இதைவிட நீளம். வாய் பிளந்து நிற்கும் வெட்டு, தையல் போட வேண்டிய காயம், ஆணி குத்திய ஓட்டை, கண்ணுக்குப் பக்கத்தில் உள்ள காயம், உள்ளங்கை அளவுக்கு மேற்பட்ட தீக்காயம் எல்லாவற்றுக்கும் நேரே மருத்துவமனைதான். நாய், பூனை, குரங்கு கடித்தாலோ பிறாண்டினாலோ சோப்பு போட்டு 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு ஊசிக்கு ஓடுங்கள். அந்தக் காயத்தின் மேல் தேன், மஞ்சள், மிளகாய்த்தூள் எதுவும் வைக்கக் கூடாது. சர்க்கரை நோயாளியின் பாதத்தில் வந்த புண், அது கடுகளவு இருந்தாலும், வீட்டு வைத்தியத்துக்கு உரியதல்ல. உணர்ச்சி குறைந்த பாதத்தில் வலி தெரியாது. வெளியே சின்னதாகத் தெரிவது உள்ளே எலும்பு வரை போயிருக்கலாம்.

3. தீக்காயம் என்றால் தேனுக்கு அவசரமே இல்லை. சூடு பட்ட இடத்தை 20 நிமிடம் குழாய்த் தண்ணீரில் காட்டுவதுதான் அவசரம். ஐஸ் வேண்டாம். வளையல், மோதிரம் இருந்தால் வீங்குவதற்கு முன் கழற்றிவிடுங்கள். தோல் முழுதாக இருந்து கொப்புளம் மட்டும் போட்டிருந்தால் அதை உடைக்காதீர்கள். உடையாத கொப்புளத்தின் மேல் தேன் தடவுவதில் பலனும் இல்லை. தானாக உடைந்து தோல் உரிந்தால் அப்போது தேன் கட்டு போடலாம்.

4. விரல் நுனியில் ஒரு சொட்டு எடுத்துத் தடவிவிட்டு ‘தேன் போட்டுப் பார்த்தேன், ஒன்றும் நடக்கவில்லை’ என்று சொல்பவர்களே அதிகம். தேன் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் அப்படிப் போட மாட்டோம். தேனில் ஐந்தில் நான்கு பங்கு சர்க்கரை. தண்ணீர் மிகக் குறைவு. அதனால் அது காயத்திலிருந்து நீரைத் தன் பக்கம் இழுக்கிறது. கிருமிகளின் உடம்பிலுள்ள நீரையும் இழுத்துவிடுகிறது. கூடவே புளிப்புத் தன்மையும் உண்டு, அதுவும் கிருமிக்குப் பிடிக்காது. மூன்றாவதாக, தேனீ தன் சுரப்பியிலிருந்து தேனில் சேர்க்கும் குளுக்கோஸ் ஆக்சிடேஸ் என்ற நொதி இருக்கிறது. கெட்டியான தேனில் அது சும்மா கிடக்கும். காயத்தின் நீர் பட்டுத் தேன் கொஞ்சம் இளகியதும் வேலையைத் தொடங்கி ஹைட்ரஜன் பெராக்சைடைச் சிறிது சிறிதாக வெளியிடும். ஆஸ்பத்திரியில் புண்ணில் ஊற்றினால் நுரைத்துக்கொண்டு வருமே, அதே பொருள்தான். ஆனால் இங்கே கொஞ்சமாக, நாள் முழுக்க வருகிறது, திசுவைப் பொசுக்குவதில்லை.

மூன்று வேலைக்கும் காயத்தின் மேல் தேன் இருப்பு வேண்டும். அதனால் தேனைக் காயத்தில் தடவாமல் கட்டுத் துணியில் ஊற்றுங்கள். மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் கிருமி நீக்கிய காஸ் துணி போதும். 10 செ.மீ. சதுரத் துணிக்கு 20 மி.லி. தேன் என்பது இந்தத் துறையில் வழங்கும் கணக்கு. விரல் கீறலுக்கு ஒரு டீஸ்பூன் தாராளம். துணி ஊறியதும் காயத்தின் மேல் வைத்து, அதற்கு மேல் உலர்ந்த காஸ் ஒன்று வைத்து, பிளாஸ்திரி ஒட்டிவிடுங்கள். பஞ்சை நேராகக் காயத்தில் வைக்காதீர்கள், நூல் நூலாக ஒட்டிக்கொள்ளும்.

5. முதல் இரண்டு மூன்று நாள் காயத்தில் நீர் அதிகம் கசியும். தேனும் சீக்கிரம் நீர்த்துப்போகும். அப்போது தினம் ஒருமுறை, துணி நனைந்து வழிந்தால் இருமுறை, கட்டை மாற்றுங்கள். கசிவு குறைந்த பின் இரண்டு நாளுக்கு ஒருமுறை போதும். உலர்ந்த காஸ் காயத்தோடு ஒட்டிக்கொண்டு, பிரிக்கும்போது புதுத் தோலையும் பிய்த்துக்கொண்டு வருவதைப் பட்டவர்களுக்குத் தெரியும். தேன் கட்டில் அந்தத் தொல்லை இல்லை. ஈரமாகவே இருக்கும், தண்ணீர் விட்டால் கழன்று வந்துவிடும். குழந்தைகளுக்குக் கட்டு மாற்றுகிற அம்மாக்களுக்கு இது ஒன்றே பெரிய நிம்மதி.

6. போட்டவுடன் சுரீர் என்று எரியும். புளிப்பால் வருவது அது. சில நிமிடங்களில் அடங்கிவிடும். அடங்காமல் எரிந்தாலோ, சுற்றிலும் தடித்து அரித்தாலோ கழுவிவிட்டு அத்தோடு விட்டுவிடுங்கள். தேனீ கொட்டினால் கடுமையாக ஒவ்வாமை வருகிறவர்கள் தேன் கட்டே போட வேண்டாம்.

7. எறும்பு! ஆய்வுக் கட்டுரை எதிலும் இந்தப் பிரச்சினை இருக்காது, நம் வீடுகளில் இருக்கும். ராத்திரி தேன் கட்டோடு பாயில் படுத்தால் விடிவதற்குள் ஊர்வலம் வந்துவிடும். மேல் துணி நனையாமல், நான்கு பக்கமும் இடைவெளி இல்லாமல் பிளாஸ்திரி ஒட்ட வேண்டும். கட்டிலில் படுங்கள். கசிந்தால் உடனே மாற்றுங்கள். எறும்புப் பொடியைக் காயத்துக்குப் பக்கத்தில் போடுகிற யோசனை வேண்டவே வேண்டாம்.

8. எந்தத் தேன்? கடைத் தேனை நம்பலாமா என்ற சந்தேகம் நியாயமானது. தில்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 13 பிராண்டுகளைச் சோதித்து, மூன்று மட்டுமே எல்லாச் சோதனைகளிலும் தேறின என்று 2020 டிசம்பரில் அறிவித்தது. நிறுவனங்கள் மறுத்தன. சர்க்கரைப் பாகு கலந்த தேனும் நீரை இழுக்கும்தான், ஆனால் நொதி வேலை நடக்காது. தண்ணீரில் விட்டால் கரையாமல் அடியில் இறங்கும், தாளில் ஊறாது, தீக்குச்சியில் தொட்டால் எரியும், நாய் நக்காது என்கிற வீட்டுச் சோதனைகளை மறந்துவிடுங்கள். கெட்டியான சர்க்கரைப் பாகும் இவற்றில் தேறிவிடும்.

சுத்தமான தேன் என்றாலும் இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். ஒன்று, சூடு. கெட்டியாகாமல் பளபளவென்று இருக்க வேண்டும் என்பதற்காகப் பெரிய ஆலைகளில் தேனைச் சூடாக்கி வடிகட்டுகிறார்கள். அந்தச் சூட்டில் நொதி வீணாகிறது. இன்னொன்று, ஈரம். கூட்டில் முழுதாக மூடப்படாத அறைகளிலிருந்தும், மழைக்காலத்திலும் எடுத்த தேனில் நீர் அதிகம் இருக்கும். சீக்கிரம் நுரைத்துப் புளிக்கும். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதிப்படி நீர் 20 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. புளித்த வாடை வந்தால் அந்தத் தேன் காயத்துக்கு ஆகாது.

கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர்களுக்கு இதில் ஒரு வசதி. மார்த்தாண்டம் வட்டாரத்தில் ரப்பர் மரங்கள் இலை உதிர்த்துத் துளிர்க்கும் ஜனவரி முதல் மார்ச் வரைதான் பெரிய தேன் பருவம். ரப்பர் தேன் பூவிலிருந்து வருவதில்லை, இளம் இலைக் காம்பில் சுரக்கும் மதுரத்திலிருந்து வருகிறது. பெட்டி வைத்து வளர்ப்பவரிடமே, சூடாக்காத, மூடிய அடையில் எடுத்த தேனைக் கேட்டு வாங்கலாம். ரப்பர் தேன் சீக்கிரம் உறையும். உறைந்தால் கலப்படம் என்று திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள்.

நியூசிலாந்தின் மனுக்கா தேனைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். வைக்காட்டோ பல்கலைக்கழகத்தின் பீட்டர் மோலன் பல ஆண்டுகள் ஆராய்ந்த தேன் அது. பெராக்சைடு இல்லாமலும் கிருமியைக் கொல்லும். மீதைல்கிளையாக்சால் என்ற பொருள் அதில் மிகுதியாக இருப்பதே காரணம். மனுக்கா சேர்த்த காயக் கட்டுக்கு அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2007-ல் அனுமதி கொடுத்தது. சாப்பிடுகிற மனுக்கா பாட்டிலை ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கிச் சிராய்ப்புக்குப் போடுவது என் கணக்கில் வீண் செலவு.

9. மருத்துவத் தேன் என்று தனியாக உண்டு. எந்த இயற்கைத் தேனிலும் கிளாஸ்ட்ரிடியம் வகைக் கிருமியின் வித்துகள் இருக்க வாய்ப்புண்டு. கொதிக்க வைத்தாலும் அவை சாகாது, நொதிதான் சாகும். அதனால் மருத்துவத் தேனைக் காமா கதிர் பாய்ச்சிச் சுத்திகரிக்கிறார்கள். அதில் வித்தும் அழிகிறது, நொதியும் பெரும்பாலும் தப்புகிறது. களிம்பாகவும், தேன் ஊறிய கட்டாகவும் விற்கிறார்கள். டாக்டர் ‘தேன் கட்டு போடலாம்’ என்று சொல்கிற எந்தக் காயத்துக்கும் இதைத்தான் வாங்க வேண்டும். சமையலறைத் தேன் மேலே சொன்ன சிராய்ப்பு, கீறல் போன்ற சின்னக் காயங்களோடு நிற்கட்டும்.

10. காயத்துக்கென்று சின்ன பாட்டில் ஒன்றைத் தனியே எடுத்து வையுங்கள். தோசைக்குத் தொட்டுக்கொண்ட ஸ்பூன் போய் வந்த பாட்டில் உதவாது. வெளிச்சம் படாத இடம், உலர்ந்த ஸ்பூன், இறுக்கமான மூடி. ஃபிரிட்ஜில் வைக்க வேண்டாம், சீக்கிரம் உறையும். உறைந்த தேனைக் கை பொறுக்கும் வெந்நீரில் பாட்டிலோடு நிறுத்தி இளக்குங்கள். அடுப்பிலோ மைக்ரோவேவிலோ வைத்தால் போச்சு.

11. எதையும் கலக்காதீர்கள். கட்டி பழுக்கத் தேனும் சுண்ணாம்பும் குழைத்துப் போடுவது கிராமத்தில் தொன்றுதொட்டு இருப்பது. குழைக்கும்போதே சூடு ஏறுவதைப் பார்த்திருப்பீர்கள். தோல் மூடிய கட்டியிலேயே கொப்புளம் போட்டவர்கள் உண்டு. திறந்த காயத்தில் சுண்ணாம்பு பட்டால் வெந்துவிடும். கடை மஞ்சள்தூளில் என்ன கலந்திருக்கிறது என்று தெரியாது, துகளும் காயத்தில் தங்கிவிடும். எலுமிச்சைச் சாறு வெறும் வேதனை.

12. தேன்மெழுகின் இடம் வேறு. அது கிருமியைக் கொல்லாது, காயத்தை ஆற்றாது. தோலின் ஈரம் போகாமல் மேலே ஒரு மெல்லிய உறை போடும். பித்தவெடிப்பு, குளிர்காலத்தில் வெடிக்கும் உதடு, பாத்திரம் தேய்த்துத் தேய்த்துக் காய்ந்து கீறிய கை ஆகியவற்றுக்கு இதைவிட மலிவான களிம்பு எனக்குத் தெரிந்து இல்லை.

செய்முறை: 20 கிராம் தேன்மெழுகைச் சீவிக்கொள்ளுங்கள். 80 மி.லி. தேங்காய் எண்ணெயோ நல்லெண்ணெயோ எடுத்து இரண்டையும் சின்னப் பாத்திரத்தில் போட்டு, கொதிநீர் உள்ள பெரிய பாத்திரத்துக்குள் அதை இறக்கி வையுங்கள். மெழுகு 62 முதல் 64 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். நேரடித் தீயில் வைத்தால் தீப்பிடிக்கும் அபாயம் உண்டு. உருகியதும் இறக்கி, உலர்ந்த டப்பாவில் ஊற்றி ஆறவிடுங்கள். சித்திரை வெயிலில் தேங்காய் எண்ணெய்க் களிம்பு குழம்பாகிவிடும். கோடையில் மெழுகை 25 கிராமாகக் கூட்டுங்கள். இரவில் பாதத்தை வெந்நீரில் பத்து நிமிடம் ஊறவைத்துத் துடைத்து, ஈரம் முழுதாகக் காய்வதற்குள் தடவி, சாக்ஸ் போட்டுக்கொண்டு படுங்கள். வெடிப்பில் ரத்தம் கசிந்தால் முதலில் கழுவித் தேன் கட்டு, வாய் மூடிய பிறகு மெழுகு.

மெழுகுவர்த்தியை உருக்கினால் தேன்மெழுகு வராது. வர்த்தி பெரும்பாலும் பாரஃபின், பெட்ரோலியத்திலிருந்து வருவது. நல்ல தேன்மெழுகு மஞ்சளாக இருக்கும், கையில் தேய்த்தால் தேன் வாசம் வரும். தேனீ வளர்ப்பவர்களிடம் கேட்டால் கிடைக்கும்.

13. தேன் கட்டு ஈரமானது என்பதால் காயத்தைச் சுற்றியுள்ள நல்ல தோல் வெளுத்து ஊறிப்போகலாம். கட்டுவதற்கு முன் அந்த ஓரத்தில் மட்டும் மேலே சொன்ன மெழுகுக் களிம்பையோ வாசலினையோ மெல்லிசாகப் பூசுங்கள். பிளாஸ்திரி ஒட்டுகிற இடத்தில் பூசினால் ஒட்டாது.

14. இப்போது விளம்பரங்களில் புரோபோலிஸ் என்று அடிபடுகிறது. மரப்பிசினைத் தேனீ சேகரித்து, மெழுகோடு பிசைந்து கூட்டின் சந்துகளை அடைக்கும் பொருள் அது. நம் ஊர் அடுக்குத் தேனீ அதைச் சேர்ப்பது மிகக் குறைவு; இத்தாலியத் தேனீயும் கொசுத்தேனீயும்தான் சேர்ப்பவை. ஆய்வுக்கூடத்தில் கிருமியைத் தடுக்கிறது, உண்மை. ஆனால் தோலில் பட்டால் ஒவ்வாமை உண்டாக்குவதில் பெயர் பெற்றது. தோல் மருத்துவர்கள் ஒவ்வாமைச் சோதனைக்கு வைத்திருக்கும் பொருட்களில் அதுவும் ஒன்று. பச்சைப் புண்ணில் அதைப் போட்டு, புண்ணோடு அரிப்பையும் விலைக்கு வாங்க வேண்டாம்.

15. ராயல் ஜெல்லி, மகரந்தம், தேனீ விஷம் கலந்த கிரீம்: காயத்துக்கு மூன்றும் தேவையில்லை. உதட்டோரத்தில் வரும் அக்கிக் கொப்புளத்துக்கும் தேனைப் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். நியூசிலாந்தில் 952 பேரிடம் கனுக்கா என்ற இன்னொரு வகைத் தேனையும் அசைக்ளோவிர் கிரீமையும் ஒப்பிட்டு 2019-ல் வெளியான ஆய்வில் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

16. ஒரு வயது நிறையாத குழந்தை உள்ள வீட்டில் கூடுதல் கவனம். மேலே சொன்ன கிளாஸ்ட்ரிடியம் வித்துகள் குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சு சுரக்கும். உடம்பு துவண்டு, மூச்சு விடவும் முடியாமல் போகும். சேனை வைக்கிறேன் என்று பிறந்த குழந்தையின் நாக்கில் தேன் தொட்டு வைப்பதை நிறுத்துங்கள், பாட்டி கோபித்துக்கொண்டாலும் சரி. அதே காரணத்தால் பால் கொடுக்கும் தாய் மார்க்காம்பு வெடிப்புக்குத் தேன் போடக் கூடாது. குழந்தை கையால் தொட்டு வாயில் வைக்கும் இடத்திலும் போடக் கூடாது.

17. தேன் எடுக்கப் போய்த் தேனீ கொட்டினால் அதற்கு மருந்து தேன் இல்லை. கொடுக்கை உடனே எடுங்கள். நகத்தால் கிள்ளினாலும் சரி, வழித்தாலும் சரி. தோலில் மாட்டிய கொடுக்கு விஷத்தை உள்ளே இறக்கிக்கொண்டே இருக்கும், அதனால் தாமதிக்காமல் எடுப்பதுதான் முக்கியம். சோப்பு போட்டுக் கழுவி ஐஸ் ஒத்தடம் கொடுங்கள். முகம் வீங்கினால், மூச்சு திணறினால், மயக்கம் வந்தால் 108-ஐ அழையுங்கள்.

18. தேன் கட்டு போட்ட பிறகும் காயத்தைச் சுற்றிச் சிவப்பு பரவினால், துடிக்கும் வலி கூடினால், சீழ் நாற்றம் வந்தால், காய்ச்சல் அடித்தால், ஒரு வாரத்தில் ஆறுவதற்கான அறிகுறியே இல்லையென்றால் டாக்டரைப் பாருங்கள். ஏற்கெனவே என்ன போட்டீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள்.

19. தேன் டெட்டனஸைத் தடுக்காது. சுத்தமான சின்னக் காயம் என்றால் கடைசி ஊசி போட்டுப் பத்து ஆண்டு, மண்ணும் சாணமும் பட்ட காயம் என்றால் ஐந்து ஆண்டு தாண்டியிருந்தால் இன்னொரு ஊசி வேண்டும். ஊசி போட்ட நாள் பெரியவர்கள் பலருக்கு நினைவிருக்காது. வீட்டில் ஒவ்வொருவருக்கும் கடைசியாகப் போட்ட தேதியை ஒரு சீட்டில் எழுதி, காயத்துக்கென்று எடுத்து வைத்த அந்தத் தேன் பாட்டிலின் மேலேயே ஒட்டிவிடுங்கள்.